ஹார்டி ஒதுக்கிய எண்

ஜி.எச். ஹார்டியின் 'எ மேத்தமடீஷியன்ஸ் அப்பாலஜி' 1940இல் வெளிவந்த சிறிய புத்தகம். ஒரே மதியத்தில் முடித்துவிடலாம். நான் அதை மூன்று முறை படித்திருக்கிறேன், மூன்று முறையும் வேறு வேறு புத்தகமாக இருந்தது.

தலைப்பில் இருக்கும் 'அப்பாலஜி' மன்னிப்பு அல்ல. சாக்ரடீஸ் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் சொன்னாரே, அந்த வகை. நம் அரசு அலுவலகங்களில் மெமோ வந்தால் ஊழியர் எழுதிக் கொடுக்கும் 'தன்னிலை விளக்கம்' என்பதுதான் அதற்குச் சரியான தமிழ் என்று எனக்குத் தோன்றுகிறது. இனி தன்னால் புதிதாக எதையும் கண்டுபிடிக்க முடியாது என்று நம்பிவிட்ட, அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரிய கணிதவியலாளர். 'இத்தனை வருஷம் என்னதான் செஞ்ச, அதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?' என்று யாரோ அவரை விசாரிப்பது போலவும், அவர் தலை நிமிர்ந்து பதில் எழுதுவது போலவும் இருக்கும் புத்தகம்.

முதல் முறை அதைப் படித்தபோது எனக்கும் மெமோ வந்துகொண்டிருந்தது. பிளஸ் டூ முடித்த மே மாதம். பெருமாள்மலை எங்கள் ஊர். கொடைக்கானல் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள்; வத்தலக்குண்டிலிருந்து ஏறி வரும் சாலையும் பழனிச் சாலையும் சேரும் இடம். டீ குடிக்க இறங்குவார்கள், மேகம் மூடிய மலையைப் போனில் எடுப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். அந்த சீசனில் அப்பா பிளம்ஸ் பெட்டிகளையும் பட்டர் ஃப்ரூட் மூட்டைகளையும் வேனில் ஏற்றிக்கொண்டிருப்பார். பக்கத்தில் நிற்கிற என்னைப் பார்த்து எடை போடுகிற அண்ணனிலிருந்து டிரைவர் வரை கேட்பார்கள்.

"தம்பி என்ன படிக்கப் போகுது?"

"கணக்குண்ணே."

"கணக்கா? வாத்தியார் வேலைக்கா?"

அப்பா உடனே குறுக்கே வருவார். "கணக்கும் கம்ப்யூட்டரும்."

பொய் இல்லை. சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் நிறுவனத்தின் மூன்றாண்டு ஆனர்ஸ் படிப்பின் பெயரே 'கணிதமும் கணினி அறிவியலும்'தான். 1998இல் தொடங்கிய படிப்பு. நான் நுழைவுத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். கேட்டவர்களும் அப்பாவும் அந்தப் பெயரின் பின்பாதியில் சமாதானம் ஆனார்கள். எனக்குத்தான் அந்த 'உம்' உறுத்தியது. தமிழ் ஐயா நடத்திய உம்மைகளில் இது எது? இரண்டையும் சமமாக நிறுத்துகிற எண்ணும்மையா? இல்லை, 'கம்ப்யூட்டரும் இருக்குல்ல' என்று எதையோ சரிக்கட்டுகிற எச்ச உம்மையா?

அந்த நேரத்தில் பள்ளிக் கணக்கு சார் கொடுத்த ஹார்டி எனக்கு அமுதம் மாதிரி இருந்தார். உண்மையான கணிதத்துக்குப் பயன் தேவையில்லை என்கிறார். பயன்படும் கணிதம் பெரும்பாலும் சலிப்பூட்டும் கணிதம், ஓவியனையும் கவிஞனையும் போலக் கணிதவியலாளனும் வடிவங்களைச் செய்கிறவன், அழகுதான் முதல் சோதனை என்கிறார். பதினேழு வயதில், பட்டர் ஃப்ரூட் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதைப் படித்தவன் என்ன ஆவான்? அப்பாவின் 'கம்ப்யூட்டரும்' எனக்கு அவமானமாகிவிட்டது.

*

இரண்டாம் முறை படித்தது கல்லூரியின் இரண்டாம் ஆண்டில். சண்டை ஒரு எண்ணிலிருந்து ஆரம்பித்தது.

கணிதத்தில் எது முக்கியம், எது வெறும் வேடிக்கை என்று பிரித்துக் காட்ட ஹார்டி உதாரணங்கள் தருகிறார். முக்கியமானதற்கு இரண்டு பழைய நிரூபணங்கள்: பகா எண்களுக்கு முடிவே இல்லை என்ற யூக்ளிடின் நிரூபணம், 2இன் வர்க்கமூலத்தைப் பின்னமாக எழுத முடியாது என்ற நிரூபணம். இரண்டும் இன்றைக்கும் புதிதாக இருக்கின்றன. வேடிக்கைக்கு அவர் எடுத்துக்கொள்வது 8712, 9801 என்ற இரண்டு எண்கள். நான்கு இலக்க எண்களில் இவை இரண்டு மட்டுமே தங்களைத் திருப்பிப் போட்ட எண்ணின் மடங்காக வருகின்றன (திருப்பினாலும் அதே எண்ணாக இருப்பவற்றை விட்டுவிடுவோம்). 2178ஐ 4ஆல் பெருக்கினால் 8712. 1089ஐ 9ஆல் பெருக்கினால் 9801. செய்தித்தாளின் புதிர்ப் பகுதிக்கு இது சரி, ஒரு கணிதவியலாளனை ஈர்க்க இதில் எதுவும் இல்லை என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்.

முதல் வாசிப்பில் நானும் அவரோடு நகர்ந்தவன்தான். ஆனால் இப்போது கையில் லேப்டாப் இருந்தது. முதல் பருவத்தில் ஹாஸ்கெல் என்ற மொழியில் நிரல் எழுதக் கற்றிருந்தேன். அதில் நிரல் எழுதுவது கணிதத்தில் வரையறை எழுதுவது மாதிரியே இருக்கும். ஓர் எண்ணைத் திருப்பு, பெருக்கிப் பார், சமமா என்று கேள். நாலு வரி. நான்கு இலக்கத்துக்கு ஹார்டி சொன்ன இரண்டும் வந்தன. ஐந்து இலக்கத்துக்கு ஓட்டினேன். 21978, நாலால் பெருக்கினால் 87912. ஆறு இலக்கத்தில் 219978.

நடுவில் 9 நுழைகிறது. ஏன்?

தாளை எடுத்தேன். 2178 என்பது 22ஐ 99ஆல் பெருக்கினால் வருவது. 21978 என்பது 22ஐ 999ஆல் பெருக்கியது. அதாவது 2200இலிருந்து 22ஐக் கழித்தால் முதலாவது. 22000இலிருந்து 22ஐக் கழித்தால் இரண்டாவது. நாலால் பெருக்கினால் 22 இருந்த இடத்தில் 88 வரும்: 8800 கழித்தல் 88 என்பது 8712. எத்தனை 9 வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. 1089க்கும் இதே கதைதான். 22க்குப் பதில் 11. ஹார்டி உதறிவிட்டுப் போன தற்செயலுக்குப் பின்னால் ஒரு வரியில் முடிகிற காரணம் இருந்தது.

இதோடு நின்றிருந்தால் ஹார்டி சொன்னது சரி என்றே விட்டிருப்பேன். எட்டு இலக்கத்துக்கு ஓட்டியதும் இரண்டு விடைகள் வந்தன. 21999978 எதிர்பார்த்தது. இன்னொன்று 21782178. ரெண்டு தடவை எழுதிவிட்டால் போதும்! அப்படியானால் நடுவில் பூஜ்யம் வைத்து 217802178 என்றும் எழுதலாம். பத்து இலக்கத்தில் மூன்று. பன்னிரண்டு இலக்கத்தில் எத்தனை? ஒவ்வொரு எண்ணாகச் சோதித்தால் கிட்டத்தட்ட ஒரு லட்சம் கோடி எண்கள். லேப்டாப் படுத்துவிடும்.

இங்கேதான் படிப்பின் பின்பாதி வந்து கைகொடுத்தது. அந்தப் பருவத்தில் எங்களுக்கு ஃபைனைட் ஆட்டோமேட்டா நடந்துகொண்டிருந்தது. சில நிலைகளும், ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற அம்புகளும் மட்டுமே கொண்ட, ஞாபகசக்தி மிகக் குறைந்த ஒரு கற்பனை இயந்திரம். ஓர் எண்ணை இரண்டு முனையிலிருந்தும் ஒவ்வோர் இலக்கமாக வாசித்துக்கொண்டு, பெருக்கும்போது பக்கத்து இலக்கத்துக்கு ஏற்றுகிற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். லட்சம் கோடி எண்கள் ஒரு சின்னப் படத்துக்குள் அடங்கிவிட்டன. பன்னிரண்டு இலக்கத்தில் ஐந்து விடைகள்.

நான்கு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு இலக்கங்களுக்கு வரிசையாக எழுதிப் பார்த்தேன்: 1, 1, 2, 3, 5.

இந்த வரிசையைப் பள்ளியில் பார்க்காதவர்கள் குறைவு. ஃபிபொனாச்சி எண்கள். இலக்கியம் வாசிக்கிறவர்களுக்கு இதில் கூடுதல் உரிமை உண்டு. 1202இல் ஃபிபொனாச்சி எழுதுவதற்கு முன்பே, 1150 வாக்கில், ஹேமச்சந்திரர் இதே வரிசையை யாப்பில் சொல்லியிருக்கிறார். ஒரு மாத்திரை குறில், இரண்டு மாத்திரை நெடில். குறிப்பிட்ட மாத்திரையுள்ள அடியைக் குறிலும் நெடிலும் கொண்டு எத்தனை விதமாக நிரப்பலாம் என்று எண்ணினால் 1, 2, 3, 5, 8 என்று போகும்.

நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கொஞ்ச நாளில் தெரிந்தது, நீல் ஸ்லோன் இந்த எண்களைப் பற்றி ஒரு முழுக் கட்டுரையே எழுதியிருக்கிறார், 2178 என்ற எண்ணைத் தலைப்பிலேயே வைத்து. எண் வரிசைகளுக்கென்றே ஒரு கலைக்களஞ்சியம் தொகுத்தவர் அவர். அவருக்கு முன்பும் சிலர் அம்புக்குறிப் படங்களால் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். எனக்கு அது ஏமாற்றமாக இல்லை. சண்டையில் எனக்கு ஆள் கிடைத்தார்கள்.

*

சண்டை எதைப் பற்றி என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 8712 ஆழமான எண் என்று நான் வாதிடவில்லை. யூக்ளிடின் நிரூபணத்துக்குப் பக்கத்தில் வைக்க அதற்குத் தகுதி இல்லை. ஹார்டியின் அளவுகோலை அவருடைய உதாரணத்தின் மேலேயே வைத்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான். ஒரு தேற்றத்தின் கனம் அது எத்தனை முக்கியமான கருத்துகளோடு தொடர்புகொள்கிறது என்பதில் இருக்கிறது என்கிறார். நல்ல அளவுகோல். இலக்கியத்துக்கும் பொருந்தும். ஆனால் அந்தத் தொடர்புகள் எண்ணுக்குள் எழுதி ஒட்டியிருப்பதில்லை. பக்கத்தில் என்னென்ன வீடுகள் கட்டப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. 1940இல் 8712க்குப் பக்கத்து வீடே இல்லை. இப்போது ஒரு தெரு இருக்கிறது.

அந்தத் தெருவுக்கு அடிக்கல் நாட்டியது ஹார்டி வேலை பார்த்த ஊரில்தான் என்பது இந்தப் புத்தகத்தின் விசித்திரமான மௌனம். 1928இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய ஓர் உரையில் ஹார்டி ஹில்பர்ட்டின் ஒரு கேள்வியைத் தொடுகிறார். எல்லாக் கணிதக் கேள்விகளுக்கும் விடை சொல்கிற ஓர் இயந்திர முறை இருக்க முடியுமா? இருக்காது, இல்லாதது நம் அதிர்ஷ்டம், இருந்தால் நம் வேலை முடிந்துவிடும் என்பது அவர் கருத்து. 1936இல் அதே கேம்பிரிட்ஜில் ஆலன் டூரிங் என்ற இருபத்து நான்கு வயதுக்காரர் அப்படி ஒரு முறை இருக்க முடியாது என்று நிரூபித்தார். நிரூபிப்பதற்காக ஒரு கற்பனை இயந்திரத்தை வரையறுக்க வேண்டியிருந்தது. அந்த இயந்திரத்தின் வழிவந்ததுதான் என் மடியில் இருந்த லேப்டாப். ஹார்டியின் நம்பிக்கையை மெய்ப்பிக்கப் போன இடத்தில் கணினி அறிவியல் பிறந்திருக்கிறது. நான்கு வருடம் கழித்து வந்த புத்தகத்தில் டூரிங் பற்றிப் பேச்சே இல்லை.

கேஸ் கேஸாகப் பிரித்துச் சரிபார்க்கும் நிரூபணங்களும் ஹார்டிக்குப் பிடிக்காது. அது கணிதத்தின் மந்தமான முறை என்கிறார். 1976இல் அப்பெல், ஹாக்கன் இருவரும் நான்கு வண்ணத் தேற்றத்தை ஆயிரக்கணக்கான கேஸ்களாகப் பிரித்துக் கணினியில் சரிபார்த்து நிரூபித்தபோது கணித உலகம் முகம் சுளித்தது. அந்தச் சுளிப்பில் ஹார்டியின் சாயல் உண்டு. 2005 வாக்கில் ஜார்ஜ் கோந்தியே அதை முழுவதுமாகக் 'காக்' என்ற மென்பொருளில் எழுதி ஒவ்வொரு படியையும் இயந்திரத்தைக் கொண்டே சோதித்தார். எங்கள் மலையில் இருக்கும் சூரிய ஆய்வகத்தைப் பற்றிப் பள்ளிச் சுற்றுலாவில் கேட்டது ஞாபகம் வருகிறது. நூறு வருடத்துக்கும் மேலாக, வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து அடுக்கிவைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படமும் தனியாக மந்தமான கேஸ்தான். எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டது இப்படிப்பட்ட அன்றாட வேலையின் நடுவில்தான்.

பயனின்மை பற்றி ஹார்டி சொன்னது பலித்ததா என்பது பலரும் பேசிய கதை, சுருக்கமாக முடிக்கிறேன். எண் கோட்பாடு யாருக்கும், குறிப்பாகப் போருக்கு, உதவாது என்பது அவர் பெருமை. 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடெல்மன் மூவரும் பகா எண்களை வைத்து ரகசியக் குறியீடு செய்தார்கள். அதற்கு நாலு வருடம் முன்பே பிரிட்டிஷ் உளவுத்துறையில் கிளிஃபர்ட் காக்ஸ் அதே முறையைக் கண்டுபிடித்திருந்ததும், அது 1997 வரை ரகசியமாக இருந்ததும் பின்னர் தெரிந்தது. உளவுத்துறையில்! 2002இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பி.டெக் முடித்திருந்த நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் ஓர் எண் பகா எண்ணா என்று விரைவாகச் சொல்கிற உறுதியான முறையைக் கொடுத்தார்கள். மூவரும் கணினி அறிவியல் துறை. கட்டுரை வெளியானதோ கணிதத்தின் மிகப் பெரிய இதழான 'ஆனல்ஸ் ஆஃப் மேத்தமடிக்'ஸில். அந்த 'உம்' எண்ணும்மைதான் என்று நான் முடிவு செய்தது இதைப் படித்த அன்றைக்குத்தான்.

ஆனாலும் ஹார்டியை இங்கே கேலி செய்வது நியாயமில்லை. 1940 என்ற வருடத்தை மறக்கக் கூடாது. இரண்டாவது உலகப் போருக்கு நடுவில், விஞ்ஞானம் குண்டு செய்யப் போய்க்கொண்டிருந்தபோது, 'என் கை சுத்தம்' என்று ஒருவர் சொல்ல ஆசைப்படுகிறார். அவருடைய பயனின்மை சோம்பேறியின் பெருமை அல்ல, போரை வெறுத்தவரின் பெருமை.

*

மூன்றாம் வாசிப்பு இந்த மே மாதம், மறுபடியும் பெருமாள்மலையில். படிப்பு முடிந்துவிட்டது. கூடப் படித்தவர்களில் சிலர் ஆராய்ச்சிக்குப் போகிறார்கள், சிலர் வேலைக்கு. எங்கள் நிறுவனமே ஐடி பார்க்குக்குள் இருப்பதால் வேலை என்பது எதிர்ச்சாரிக் கட்டடம் மாதிரிதான் தெரியும். எனக்கு மூன்றாவதாக ஓர் ஆசை இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும், தமிழில் கணிதம் எழுத வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று யோசித்தபோது குற்றவாளி புத்தக அலமாரியில் இருந்தார்.

புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே ஹார்டி ஒரு தீர்ப்பு சொல்கிறார். விளக்குவது, விமர்சிப்பது, பாராட்டுவது எல்லாம் இரண்டாம் தரமான மூளைகளின் வேலை. கணிதவியலாளன் கணிதத்தைப் பற்றி எழுதுவதே சோகம். (இந்தக் கட்டுரையும், இந்த இதழில் வருவதில் பாதியும் அந்தக் கணக்கில் இரண்டாம் தரம்தான்.) கூடவே, கணிதம் இளைஞர்களின் ஆட்டம் என்றும், ஐம்பதுக்கு மேல் யாரும் பெரிதாக எதையும் செய்ததாகத் தெரியவில்லை என்றும் சொல்கிறார். எடை மேடைக்குப் பக்கத்தில் நின்ற பதினேழு வயதுப் பையனின் மண்டையில் இது முள்ளாக இறங்கியிருக்கிறது. 'வாத்தியார் வேலைக்கா?' என்று கேட்ட டிரைவரும் கேம்பிரிட்ஜ் பேராசிரியரும் ஒரே குரலில் பேசியிருக்கிறார்கள், நான்தான் கவனிக்கவில்லை.

வயதுக் கணக்கு எளிதில் உடையும். இரட்டைப் பகா எண் பிரச்சினையில் 2013இல் எல்லோரையும் திகைக்க வைத்த யிடாங் சாங் அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார். எனக்கு முக்கியம் மற்றது. அதற்குப் பதில் எங்கள் நிறுவனத்தின் பரம்பரையிலேயே இருக்கிறது. நிறுவனத்தை 1989இல், தன் ஐம்பத்தேழாம் வயதில் தொடங்கிய சி.எஸ். சேஷாத்ரி உலகம் அறிந்த இயற்கணித வடிவவியலாளர். எம்.எஸ். நரசிம்மனோடு சேர்ந்து 1965இல் நிரூபித்த தேற்றம் இருவர் பெயராலும் வழங்குகிறது. அந்த இருவரும் சென்னை லயோலா கல்லூரியில் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள். பாதிரியார் சார்ல்ஸ் ராசின். பிரெஞ்சுக்காரர், இயேசு சபைத் துறவி, 1937இல் இந்தியா வந்தவர். பாரிஸில் எலீ கார்த்தானிடம் பயின்றுவிட்டு, திருச்சியிலும் சென்னையிலும் பி.ஏ. ஆனர்ஸ் மாணவர்களுக்கு அன்றைய புதிய கணிதத்தைச் சொல்லிக் கொடுத்தார். ராசின் பெயரில் புகழ்பெற்ற தேற்றம் எதுவும் இல்லை. அவரால் மும்பை டாட்டா நிறுவனத்துக்கு அனுப்பப்பட்ட மாணவர்கள் இல்லாமல் இந்தியாவின் நவீனக் கணிதம் இல்லை. எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் செண்பகனூரில் இயேசு சபையின் குருமடம் இருக்கிறது. பஸ்ஸில் அதைக் கடக்கும்போதெல்லாம் இப்போது ராசின் ஞாபகம் வருகிறது. ஹார்டியின் தராசில் அவர் இரண்டாம் தரம். அப்படியென்றால் பழுது தராசில்தான்.

ஹார்டிக்கே இது தெரிந்திருக்கிறது என்பதுதான் மூன்றாம் வாசிப்பில் எனக்குக் கிடைத்தது. ஆரம்பத்தில் விளக்குபவர்களை இகழ்கிறவர், கடைசிப் பக்கங்களில் தன் வாழ்க்கையைக் கூட்டிக் கழிக்கும்போது இரண்டு விஷயம் சொல்கிறார். அறிவோடு தானும் கொஞ்சம் சேர்த்ததாகவும், மற்றவர்கள் சேர்க்க உதவியதாகவும். அந்த இரண்டாவது எங்கிருந்து வந்தது? முதல் பக்கத்தில் அதற்கு இடமே இல்லையே! அவர் வாழ்க்கையில் உலகம் மறக்காத காரியம், 1913இல் சென்னைத் துறைமுக குமாஸ்தா ஒருவரிடமிருந்து வந்த கடிதத்தை உட்கார்ந்து வாசித்தது. நிரூபணம் இல்லாத சூத்திரங்கள் நிறைந்த அந்தத் தாள்களில் எது அசல், எது பிழை என்று தேர்ந்தது. அது சுத்தமான விமர்சகனின் வேலை. நல்ல வாசகனின் வேலை. தான் செய்ததிலேயே சிறந்ததை ஹார்டி எந்தக் கணக்கில் வரவு வைப்பதென்று தெரியாமல் தவிக்கிறார். புத்தகத்தின் உண்மையான சோகம் இதுதான் என்று நினைக்கிறேன். வற்றிப்போனதைப் பற்றி அழுகிறவர், வற்றாமல் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு ஊற்றை மதிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

அப்புறம் எதற்கு இதைப் படிக்க வேண்டும்? அந்த இரண்டு நிரூபணங்களுக்காக. கணிதத்தில் அழகு என்றால் என்ன என்று ஒளிவுமறைவில்லாமல் கேட்கும் நேர்மைக்காக. ஒரு வாக்கியத்தைக்கூட வீணாக்காத அந்த நடைக்காக. ஆனால் பதினேழு வயதில் தனியாகப் படிக்காதீர்கள். பக்கத்தில் சண்டை போட யாராவது இருக்கட்டும்.

போன வாரம் சித்தி மகளுக்கு 2178ஐக் காட்டினேன். பத்தாவது போகிறாள். பெருக்கிப் பார்த்துவிட்டு, "சரி, இதுல அடுத்தது என்னண்ணே?" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. நோட்டை அவளிடமே கொடுத்துவிட்டேன். அப்பா பெட்டிகளை எண்ணிக்கொண்டே எங்களைத் திரும்பிப் பார்த்தார். டிரைவர் கேட்டார், "தம்பி இப்ப என்ன பண்ணுது?"

"சொல்லிக் குடுக்குது," என்றார் அப்பா. கம்ப்யூட்டர் என்று அவர் சேர்க்கவில்லை.